பல் முளைத்த குழந்தையும் முலைக்காம்பு வலியும்: தொடர்வதா, குறைப்பதா, நிறுத்துவதா?

பிரசவமான முதல் வாரத்தில் முலைக்காம்பு வலித்தால் வழி சொல்லப் பத்துப் பேர் வருவார்கள். குழந்தைக்கு ஒன்பது மாதமோ ஒன்றரை வயதோ ஆன பிறகு வலித்தால் எல்லோரிடமும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "இன்னுமா கொடுக்கிறாய்? நிறுத்திவிடு." நிறுத்துவதும் ஒரு வழிதான், அதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் காம்பு வலிக்கு அது ஒன்றே மருந்து என்பது சரியல்ல. சில வலிகள் பாலை நிறுத்தினாலும் போகாது. வேறு சில, குழந்தையைக் கொஞ்சம் கிட்டே இழுத்துப் பிடித்தாலே போய்விடும்.

உலகச் சுகாதார நிறுவனம் முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு மற்ற உணவோடு சேர்த்து 2 வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்று பரிந்துரைக்கிறது. அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு நிறைவேற்ற வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. வலியோடு இருக்கும் தாயின் முன்னால் உண்மையில் ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. ஊட்டும் முறையைத் திருத்திக்கொண்டு தொடரலாம். புண்பட்ட பக்கத்துக்கு ஓய்வு கொடுக்கலாம். களிம்பு, கவசம், மாத்திரை என்று சமாளிக்கலாம். சில வேளைகளை மட்டும் நிறுத்தலாம். அடியோடு நிறுத்தலாம். இவற்றில் எது யாருக்குப் பொருந்தும் என்பதை, வலி எவ்வளவு என்பதைவிட வலி எப்போது வருகிறது என்பதே அதிகம் தீர்மானிக்கிறது.

எப்போது வலிக்கிறது?

குடிக்கத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் சுருக்கென்று வலித்தால் பெரும்பாலும் அது கடி. தொடக்கம் முதல் கடைசி வரை நசுக்குவதுபோல் வலித்து, வாயிலிருந்து வெளிவரும் காம்பு புதிய லிப்ஸ்டிக்கின் நுனிபோல ஒரு பக்கம் சரிந்து தட்டையாக இருந்தால், குழந்தை ஆழமாகக் கவ்வவில்லை. குடித்து முடித்த பிறகு காம்பு வெளுத்து, நீலம் பாய்ந்து, பிறகு சிவந்து கடுக்கிறது என்றால் அங்கே ரத்த நாளங்கள் சுருங்கி விரிகின்றன. பால் கொடுக்காத நேரத்திலும் அரித்து, தோல் உரிந்து, கசிந்தால் ஒவ்வாமை அல்லது தோல் அழற்சியைச் சந்தேகிக்கலாம். வேலைக்குத் திரும்பி பம்ப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகுதான் வலி வந்தது என்றால், குழந்தையைக் குற்றம் சொல்வதற்கு முன் பம்பின் புனல் அளவையும் உறிஞ்சும் வேகத்தையும் பாருங்கள். அளவு பொருந்தாத புனல், பல்லே இல்லாமல் பல்லின் வேலையைச் செய்யும்.

மாதத்தில் சில நாட்கள் மட்டும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, ஆடை பட்டாலே கூசுகிறதா? மாதவிடாய் திரும்பியிருக்கலாம் அல்லது திரும்பப் போகிறது. கருமுட்டை வெளிவரும் நாட்களிலிருந்து மாதவிடாய் வரை இந்தக் கூச்சம் பலருக்கும் இருக்கும். எல்லா நாளும் அப்படியே நீடித்தால் கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்கள். பிரசவத்துக்குப் பின் மாதவிடாய் ஒருமுறைகூட வராமலே மறுபடி கருத்தரிக்க முடியும் என்பதால் இது வீண் சந்தேகம் இல்லை.

இந்த ஒரு கேள்விக்கு இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. கடிபட்ட காம்புக்கு ஈரத் துணியின் குளிர்ச்சி இதம். ரத்த நாளம் சுருங்கும் காம்புக்கு அதே குளிர்ச்சி வலியைக் கிளப்பிவிடும், அதற்கு உலர்ந்த வெதுவெதுப்புதான் வேண்டும். காரணம் தெரியாமல் எந்த வழி மேல் என்று ஒப்பிடுவதில் பொருளில்லை.

கடிக்கிறது என்றால்

முன்பற்கள் எட்டிப் பார்த்ததும் "பல் வந்துவிட்டது, இனி முடியாது" என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். நன்றாகக் கவ்வி மும்முரமாகக் குடிக்கும் குழந்தையால் கடிக்க முடியாது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. குடிக்கும்போது நாக்கு நீண்டு கீழ் ஈறையும் கீழ்ப்பற்களையும் மூடியிருக்கிறது. கடிக்க வேண்டுமானால் நாக்கை உள்ளே இழுக்க வேண்டும். இழுத்தால் உறிஞ்சுவது நின்றுவிடும். ஆகவே கடி விழுவது பால் இறங்குவதற்கு முன்னாலோ, வயிறு நிறைந்து விளையாட்டுப் புத்தி வந்த பின்னாலோதான்.

அந்தத் தருணத்தைக் கண்ணால் பிடிக்கலாம். விழுங்கும் சத்தம் தேய்கிறது. பார்வை அறையைச் சுற்ற ஆரம்பிக்கிறது. காதுக்குக் கீழே தாடை திரும்பும் இடத்தில், அதுவரை சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்த அசைவு நின்று சட்டென்று இறுகுகிறது. உதடுகள் காம்பின் நுனியை நோக்கி நழுவுகின்றன. இறுகும் அந்த நொடிக்கு முன்னால் உங்கள் சுண்டுவிரல் குழந்தையின் வாயோரமாக ஈறுகளுக்கு நடுவே நுழைந்துவிட வேண்டும். விரல் நுழைந்தால் உறிஞ்சல் பிடி விட்டுப்போகும், காம்பு சேதமில்லாமல் வெளியே வரும்.

கடித்தே விட்டால்? கை தானாகவே குழந்தையைப் பிடுங்கி இழுக்கப் போகும். தோல் கிழிவது பெரும்பாலும் கடியைவிட அந்த இழுப்பில்தான். அதற்கு மாறாகக் குழந்தையின் முகத்தை மார்போடு ஒரு கணம் இன்னும் நெருக்கிப் பிடித்தால், மூச்சுக்காக அது தானே வாயைத் திறந்துவிடும். மூக்கை அடைத்துப் பிடிக்க வேண்டாம், லேசாகச் சேர்த்தாலே போதும்.

அலறுவது இன்னொரு இயல்பு. வலியில் அலறியதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. இருந்தாலும் அதை ஒரு உத்தியாக நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு குழந்தை அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே மறுபடி கடிக்கும். இன்னொன்று மிரண்டுபோய் நாள் கணக்கில் மார்பையே மறுக்கும். தணிந்த குரலில் "கடிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, மார்பை மூடி, ஓரிரு நிமிடம் குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைப்பது மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் செய்யும். கடித்தால் பால் போய்விடுகிறது என்ற கணக்கு எட்டுமாதக் குழந்தைக்கும் கொஞ்ச நாளில் பிடிபடும்.

ஈறு ஊறுவதால்தான் கடிக்கிறது என்று தெரிந்தால் மார்புக்கு வருமுன்பே ஈறைக் கவனித்துவிடுங்கள். சுத்தமான ஈரத் துணியைக் குளிரவைத்துக் கடிக்கக் கொடுக்கலாம், சுத்தமான விரலால் ஈறை அழுத்தித் தேய்க்கலாம். மரத்துப்போகச் செய்யும் ஜெல் வேண்டாம். குழந்தையின் நாக்கும் உங்கள் காம்பும் சேர்ந்தே மரத்துப்போவதால் கவ்வல் கெடும். தவிர, பென்சோகெய்ன் கலந்த வாய்ப்பூச்சுகளை 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்தது; ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே அது குறைத்துவிடக்கூடும். சளி பிடித்த நாட்களில் கடி கூடினால் மூக்கடைப்பு காரணமாக இருக்கலாம். பால் கொடுப்பதற்கு முன் உப்புநீர்ச் சொட்டு மருந்து விட்டு மூக்கைத் திறந்துவிடுங்கள்.

பிடி தளர்ந்துபோனால்

பிறந்த குழந்தையைப் பிடித்த கவனத்தோடு ஒரு வயதுக் குழந்தையை யாரும் பிடிப்பதில்லை. அது மடியில் ஏறும், ஒரு காலைத் தோளில் போடும், காம்பை வாயில் வைத்தபடியே கதவுப் பக்கம் திரும்பிப் பார்க்கும். வாயில் இருப்பது காம்பின் நுனி மட்டும். கழுத்து திரும்ப, காம்பும் கூடவே நீள்கிறது. இங்கே களிம்பும் ஓய்வும் வீண். ஆற ஆற அதே இடத்தில் மறுபடி புண்ணாகும்.

வழி பழையதுதான். வயிறும் வயிறும் ஒட்டியிருக்கட்டும், மூக்கு காம்புக்கு நேரே இருக்கட்டும், வாய் அகலத் திறந்த பிறகு கவ்வட்டும். பேச்சு புரியும் வயதென்றால் "ஆ காட்டு" என்று சொல்லி நீங்களும் வாயைத் திறந்து காட்டினாலே பெரும்பாலான குழந்தைகள் செய்துவிடும். இந்த ஒரு வசதி பிறந்த குழந்தையிடம் கிடையாது. வேடிக்கை பார்க்கும் குழந்தைக்கு வெளிச்சம் குறைந்த, சத்தமில்லாத அறை வேண்டும். மேல்பல் முளைத்த புதிதில் கருவட்டத்தில் பல் பதிந்த தடம் தெரிவதுண்டு. தோல் கிழியாதவரை பயப்பட வேண்டாம். தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, தாடை மார்பில் அழுந்தும்படி பிடித்தால் மேல்பல்லின் அழுத்தம் குறையும்.

கடியும் கவ்வலும்தான் காரணம் என்றால் என் சிபாரிசு: ஒரு வாரம் இதைச் சலிக்காமல் செய்து பாருங்கள். நிறுத்தும் முடிவை அதுவரை தள்ளிப்போடுங்கள். செலவில்லாத வழி இது, திரும்பப் பெற முடியாத எதையும் இழக்க வேண்டியதில்லை.

புண்ணாகிவிட்டால்: தொடர்வதா, ஓய்வா?

லேசான கீறல் என்றால் தொடரலாம். வலி குறைந்த பக்கத்தை முதலில் கொடுங்கள்; பசியின் முதல் வேகம் அங்கே தணிந்துவிடும், மறு பக்கத்தில் பால் இறங்கத் தொடங்கியிருக்கும். புண் குழந்தையின் வாயோரத்தில் படும்படி பிடிக்கும் நிலையை மாற்றுங்கள். பாலில் கொஞ்சம் ரத்தம் கலந்து குழந்தை விழுங்கினால் தீங்கில்லை. தாய்க்கு ஹெபடைட்டிஸ் சி இருந்து, காம்பு வெடித்து ரத்தம் கசிந்தால் மட்டும், அது ஆறும்வரை அந்தப் பக்கம் நேரடியாகக் கொடுக்காமலும், பீய்ச்சிய பாலைப் பயன்படுத்தாமலும் இருக்கச் சொல்கிறார்கள்.

ஆழமாகப் பிளந்து, ஒவ்வொரு முறையும் திறந்துகொள்ளும் புண்ணுக்கு ஒன்றிரண்டு நாள் ஓய்வு நல்லது. அந்தப் பக்கத்துப் பாலைப் பீய்ச்சி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பால் கட்டிக்கொண்டு காம்பு வலியோடு மார்பு வலியும் சேரும். புண்பட்ட காம்புக்குப் பம்பைவிடக் கை மெத்தென்றிருக்கும். எடுத்த பாலை அறை வெப்பத்தில் 4 மணி நேரமும் ஃபிரிட்ஜில் 4 நாட்களும் வைத்திருக்கலாம்.

இந்த இடத்தில் வளர்ந்த குழந்தையின் தாய்க்கு ஒரு சாதகம் இருக்கிறது. ஆறு மாதம் தாண்டிய குழந்தை டம்ளரில் குடிக்கப் பழகும். புட்டி தேவையில்லை, புட்டிக்குப் பழகி மார்பை மறுக்கும் கவலையும் இல்லை. ஒரு வயது தாண்டி, மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடும் குழந்தை என்றால் பாலின் அளவைப் பற்றிப் பதற வேண்டாம். மார்பு கனக்காத அளவுக்குப் பீய்ச்சினால் போதும். ஒரு வயதுக்குக் கீழே பால்தான் இன்னும் முக்கிய உணவு என்பதால் அங்கே கணக்குப் பார்த்துத்தான் ஓய்வெடுக்க வேண்டும்.

ஓய்வின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். காரணம் கவ்வலில் இருந்தால் ஓய்வு புண்ணை ஆற்றும், பழக்கத்தை மாற்றாது.

களிம்பு, கவசம், மாத்திரை

களிம்புகளின் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2014-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, காம்பு வலிக்கு லனோலின் (ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகு), கிளிசரின் ஜெல் பட்டை, பல மருந்துகள் சேர்ந்த கலவைக் களிம்பு ஆகியவற்றை ஆராய்ந்து, அவை வலியைக் குறைக்கின்றன என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. ஒன்றும் தடவாமல் விடுவதும் தாய்ப்பாலையே தடவுவதும் லனோலினுக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கலாம் என்றும் சொன்னது. அந்த ஆய்வுகளில் பங்கேற்ற பெண்கள் புதிதாகப் பிரசவித்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காய்ந்து ஆடையோடு ஒட்டிக்கொள்ளும் புண்ணுக்குக் கொஞ்சம் லனோலின் இதமாக இருக்கும், அவ்வளவே. அது சிலருக்கு ஒவ்வாமையையும் தரும். தடவத் தடவ அரிப்பு கூடினால் களிம்பே காரணமாக இருக்கலாம். திட உணவு சாப்பிட்ட வாயோடு குழந்தை நேரே மார்புக்கு வரும்போது, அந்த உணவுத் துணுக்குகளாலும் காம்பின் தோல் எரியலாம். இரண்டு மிடறு தண்ணீர் கொடுத்துவிட்டுப் பாலுக்கு விடுங்கள்.

நிப்பிள் ஷீல்டு எனப்படும் சிலிக்கான் கவசத்தை வளர்ந்த குழந்தைக்கு நான் கடைசியில்தான் வைப்பேன். குழந்தை அதைப் பிடுங்கி விளையாடும்; மேலோட்டமாகக் கவ்வும் பழக்கமும் மாறாமல் அப்படியே நிற்கும்.

மாத்திரையைத் தேவையில்லாமல் ஒதுக்குகிறோம். பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் உரிய அளவில் பாலூட்டும் தாய்க்கு ஏற்றவை. பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கின்றன. கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ இபுப்ரோஃபெனைத் தவிர்த்துவிட்டு மருத்துவரிடம் கேளுங்கள்.

வேளைகளைக் குறைப்பது

கர்ப்பத்தாலோ மாதவிடாய்ச் சுழற்சியாலோ வரும் வலிக்குக் கவ்வலைத் திருத்தினால் ஓரளவே பலன் இருக்கும். குழந்தை எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்கிறது, மாறியிருப்பது உடல். மாதவிடாய்க் கூச்சம் சில நாளில் தானாகவே விலகும், அதற்காக நிரந்தர முடிவு எடுக்க வேண்டாம். கர்ப்பத்தில் மாதக் கணக்கில் நீடிக்கலாம். பால் சுரப்பும் நாலைந்தாவது மாதத்தில் குறைந்து, சுவையும் மாறுவதால் சில குழந்தைகள் தாங்களே விட்டுவிடும். சிக்கலில்லாத கர்ப்பத்தில் பாலூட்டல் பொதுவாகத் தொடரலாம். குறைப்பிரசவ ஆபத்து இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். வயிற்றில் குழந்தை இருக்க, மடியில் இருக்கும் குழந்தைக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை என்றால் அதன் எடையையும் கவனிக்க வேண்டும்.

வலியோடோ, வலியே இல்லாமலோ, குழந்தை வாய் வைத்ததும் உடம்பெல்லாம் கூசி, எழுந்து ஓடிவிடலாம் போல் எரிச்சல் வருவதும் உண்டு. பாசக்குறைவு என்று நினைத்து இதை வெளியே சொல்லாமல் புழுங்குகிறவர்கள் பலர். உடலின் எதிர்வினை அது. இவர்களுக்கும் குறைப்பதே சரியான வழி என்பது என் எண்ணம்.

எந்த வேளையை முதலில் குறைப்பது? குழந்தை எளிதாக விட்டுக்கொடுக்கும் வேளையை என்பது பொதுவான பதில். வலி காரணமாகக் குறைக்கிறீர்கள் என்றால் அதிகம் வலிக்கும் வேளையிலிருந்து தொடங்குங்கள். அநேகமாக அது இரவாக இருக்கும்: குடிப்பது முடிந்து, காம்பு வாயில் கிடக்க, தூக்கத்தில் பல் இறங்கும். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு இரவுப் பால் பசியைவிடப் பழக்கம்தான். வேறொருவர் தட்டித் தூங்கவைக்கும் வீட்டில் இந்த மாற்றம் சீக்கிரம் நடக்கிறது. அந்த உதவி இல்லாத தாய், விழுங்கல் நின்றதும் விரலிட்டு விடுவித்துவிட்டு, தாடையை ஒரு விரலால் தாங்கிப் பிடித்தபடி தூங்கவைக்கலாம்.

பேச்சு புரியும் குழந்தைக்கு "பத்து எண்ணும்வரை" என்று சொல்லி நிதானமாக எண்ணி நிறுத்துவது நல்ல வழி. கர்ப்பத்தில் வலியோடு தொடர விரும்புகிறவர்களுக்கு இதைவிட எளிதானது இல்லை. தாங்க முடிகிற நாளில் மெதுவாக எண்ணலாம், முடியாத நாளில் வேகமாக. முழுவதும் நிறுத்துவதற்கும் அப்படியே தொடர்வதற்கும் நடுவே இப்படி ஓர் இடம் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. வளர்ந்த குழந்தைக்குப் பால் நாளுக்கு எட்டு முறையாகவும் இருக்கலாம், ஒரே முறையாகவும் இருக்கலாம். என்னைக் கேட்டால் பாதிப் பேருக்கு இந்த நடு இடம்தான் பொருத்தம்.

முழுவதும் நிறுத்துவது

மற்ற வழிகளைப் பார்த்தாகிவிட்டது, குடிக்க வரும் குழந்தையைக் கண்டாலே தோள் இறுகுகிறது என்றால் நிறுத்துங்கள். யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரே ராத்திரியில் நிறுத்த வேண்டாம். ஒரு வேளையை நிறுத்தி, மார்பு பழக மூன்று நாலு நாளாவது விட்டு, அடுத்த வேளைக்குப் போங்கள். திடீரென்று நிறுத்தினால் பால் கட்டும், மார்பக அழற்சி வரலாம், குழந்தையும் ஏங்கிப்போகும். கசப்பைத் தடவி மறக்கடிக்கும் யோசனை புண்பட்ட காம்புக்கு ஆகவே ஆகாது, எரிச்சல் முதலில் உங்களுக்குத்தான். கேட்டால் மறுக்காமல், கேட்காவிட்டால் தானாக நீட்டாமல் இருப்பது மெதுவான முறை. வலி தாங்க முடிந்தவர்களுக்கே அது சரிப்படும். குழந்தைக்கு ஒரு வயது ஆகவில்லை என்றால் பதிலுக்கு எந்தப் பால், எவ்வளவு என்று குழந்தை மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

மருத்துவரிடம் போக வேண்டிய வலி

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் சில அறிகுறிகள் வீட்டு வைத்தியத்துக்கு உரியவை அல்ல. புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, சீழ், மஞ்சள் பொருக்கு, மார்பில் சூடான கட்டியோடு காய்ச்சல், கொத்தாகக் கொப்புளங்கள். கொப்புளம் அக்கியாக இருக்கலாம் என்பதால் பார்க்கும்வரை அந்தப் பக்கம் கொடுக்க வேண்டாம். காம்பின் நுனியில் வெள்ளைப் புள்ளி தோன்றி வலித்தால் ஊசியால் குத்தாதீர்கள். பாலூட்டல் மருத்துவத்துக்கான மருத்துவர்களின் அமைப்பான அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அதைத் தவிர்க்கச் சொல்கிறது. எரிச்சல் என்றதும் பூஞ்சை மருந்தைத் தானாக வாங்கித் தடவுவதும் பரவலாக இருக்கிறது. தோல் அழற்சியும் ரத்த நாளச் சுருக்கமும் அதேபோல்தான் எரியும், அவற்றுக்கு மருந்து வேறு. ஒரு பக்கத்துக் காம்பு மட்டும் செதிலாக உரிந்து, வாரக் கணக்கில் ஆறாமல் இருந்தால், பால் நிறுத்திய பிறகும் அது தொடர்ந்தால், தள்ளிப்போடவே வேண்டாம். மிக அரிதாக அது மார்பகப் புற்றுநோயின் ஒரு வகையாக இருக்கும்.

போகும்போது, குழந்தை இன்னும் பால் குடிக்கிறது என்பதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள். நடந்து வரும் குழந்தையைப் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றாமல் மருந்து எழுதிவிடுகிறவர்கள் உண்டு.